டாக்டர் வைத்த ரெசின் மூக்கு

பொய்ப்பல் செய்வது அவர் தொழில். டாக்டர் பட்டம் எதுவும் இல்லை; ஆனாலும் மாதிரி விமானம் கட்டுகிறவர்களின் மன்றத்தில் எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். கண்ணில் பட்ட எதையும் திருத்தாமல் விடாத மனிதர், அந்த ஒரு பிழையை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

மற்றவர்கள் பெட்டி வாங்குவார்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவார்கள், வண்ணம் பூசி அலமாரியில் வைப்பார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்ததும் ரம்பத்தைத் தேடுவார். இருக்கையில் வார் இல்லை, இறக்கை விளிம்பு தடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அறுத்தெறிந்துவிட்டு, ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் ரெசின் பிசினில் புதிதாக வார்த்து ஒட்டுவார். கடைசியில் பெட்டியோடு வந்ததில் மிஞ்சுவது பெட்டி மட்டும்தான்.

இந்த முறை மூக்கில் கை வைத்தார். பழைய போர் விமானம் ஒன்று. அந்த ரகத்தில் மிஞ்சியிருந்த ஒரே விமானம் விமானப்படைத் தளத்து வாசலில் தூண்மேல் நின்றது. காவலரை நயந்து பேசி, ஏணி போட்டு ஏறி அளந்தார். பெட்டி மூக்கு ஒல்லி என்று தெரிந்தது.

“பெட்டியில வந்த மூக்குக்கு என்ன கேடு?” என்றாள் மனைவி.

“ஒல்லி.”

“என் தம்பியும் அதே பெட்டிதான் வாங்கியிருக்கான். அப்படியே ஒட்டிட்டானாம்.”

“அவன் ஒட்டுவான்.”

மச்சினன்தான் பிரச்சினையே. மன்றத்தின் கண்காட்சியில் அசலை அப்படியே ஒத்திருக்கும் மாதிரிக்குக் கொடுக்கும் துல்லியக் கோப்பையை வேறு யார் தட்டிக்கொண்டு போனாலும் டாக்டர் பொறுத்துக்கொள்வார். மச்சினன் வாங்கினால் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வந்து, அந்தப் பேச்சையும் சேர்த்துப் பரிமாறுவான்.

பல்லுக்கு வைத்திருந்த மெழுகில் மூக்கைச் செதுக்கி, சிலிக்கானில் அச்செடுத்து, ரெசினை ஊற்றினார். காற்றுக்குமிழி விழுந்ததையெல்லாம் குப்பையில் போட்டார். தேறிய ஒன்றுக்காகப் பெட்டி மூக்கை அறுத்தார். விமானி அறைக்குள் இருக்கை, வார், முள் வைத்த கடிகாரங்கள் என்று எல்லாவற்றையும் புதிதாக வைத்தார். ஒரு வருஷத்து ஞாயிறுகள் அதற்குள் போயின.

கண்காட்சியன்று, தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் டாக்டரின் மேசைமுன் குனிந்து நின்றார். நகரவே இல்லை.

“இந்த மூக்குக்கு எங்க அளவெடுத்தீங்க?”

“தளத்து வாசல்ல நிக்குதே, அதுல. ஏணி போட்டு எடுத்தேன்.”

“அதான பார்த்தேன். இது என் மூக்கு.”

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார்.

“தூண்ல ஏத்தும்போது கிரேன்காரன் இடிச்சு நசுக்கிட்டான். மறுநாள் பெரிய அதிகாரி வர்றாரு. எண்ணெய் பீப்பாய வெட்டி, தட்டி, நான்தான் ஒரு மூக்கு செஞ்சு மாட்டினேன். கொஞ்சம் குண்டாப் போச்சு. நீங்க நெளிவுகூட விடாம எடுத்திருக்கீங்க.” பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அடுத்த மேசையைக் காட்டினார். “அசல் மூக்கு அப்படித்தான் இருக்கும்.”

அடுத்த மேசை மச்சினனுடையது. அவன் மண்டபத்துக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“நான் ஒண்ணும் சொல்லல அத்தான்.”

“நீ சொல்லாதது இங்க வரைக்கும் கேக்குது மாப்ளே.”

“நடுவருங்களுக்கு இது தெரியாதுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றார் பெரியவர்.

நடுவர்கள் இரண்டு மேசை தள்ளி இருந்தார்கள். டாக்டர் அவர்களைப் பார்த்தார், தன் மூக்கைப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்திருந்த அட்டையில் விமானத்தின் பெயரை அடித்துவிட்டு, ‘தளத்து வாசலில் நிற்கும் விமானம்’ என்று எழுதினார். எழுதிய பிறகுதான் அடுத்தது உறைத்தது. வாசல் விமானத்தின் விமானி அறைக் கண்ணாடிகளை எப்போதோ சாம்பல் பெயிண்டால் பூசி மூடியிருந்தார்கள்.

“மாப்ளே, சாம்பல் பெயிண்ட் வச்சிருக்கியா?”

“இருக்கு. எதுக்கு?” கேட்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. “அத்தான், வேணாம். உள்ள அவ்வளவு வேலை பண்ணியிருக்கீங்க. யாருக்கும் தெரியாமப் போயிடும்.”

“மூக்கு வாசல்ல இருந்து வந்துச்சுன்னா கண்ணாடியும் அங்க இருந்துதான் வரணும். குடு.”

ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாகப் பெயிண்ட் பூசி மூடிக்கொண்டு வந்தார். கடைசிச் சில்லுக்கு வரும்போது பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

“வலது பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி. அதுக்குப் பெயிண்ட் பத்தலன்னு விட்டுட்டதா ஞாபகம்.”

“விடல” என்றார் டாக்டர். “நான் ஏணியில ஏறிப் பார்த்தேன்.” அதையும் மூடினார்.

நடுவர் வந்து அட்டையைப் படித்தார். “உள்ளே ஏதாவது செஞ்சிருக்கீங்களா?”

“எல்லாம் செஞ்சிருக்கேன்.”

“பார்க்கலாமா?”

“முடியாது. பெயிண்ட் ஈரம் வேற.”

கோப்பை மச்சினனுக்குப் போனது. அன்று சாயங்காலமே அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். டாக்டர் கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இடது கைப்பிடி கொஞ்சம் இறங்கியிருக்கு மாப்ளே. ஒரு வாரம் குடு. அறுத்துட்டு ரெசின்ல…”

“அக்கா, இவர்கிட்ட இருந்து இத வாங்கு” என்றான் மச்சினன்.