என் மனைவி கண்டுபிடித்த கொலை

பொறாமைக்காரன் என்று என்னை யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில் எனக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைக்க முடியாது.

தஞ்சாவூரில் ஒரு பழைய தியேட்டருக்கு ஏசி போட்டுப் புதுசாகத் திறந்திருந்தார்கள். நம்ம பக்கத்து வயல்களில் எடுத்த கொலைப் படம் என்று ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. துப்பறியும் படம் என்றால் எனக்கு உயிர். என் மனைவிக்கும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடைவேளைக்குள் கொலைகாரன் யார் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிவிட வேண்டும். தோற்றவர் மறுநாள் காலையில் காபி போட வேண்டும். பெரும்பாலும் நான்தான் போட்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமே கிடையாது. எங்கள் வீட்டில் கொஞ்சிப் பேசுகிற பழக்கமெல்லாம் இல்லை. இருட்டில் அவள் என் பக்கம் சாய்ந்து, "அந்த டிரைவர்தாங்க" என்று கிசுகிசுப்பாளே, அதுதான் எங்களுக்குக் கொஞ்சல்.

படம் ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் வந்து சேர்ந்தான், எங்கள் தாலுகா ஆபீஸ் சர்வேயர். முப்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை, பார்க்க நன்றாக இருப்பான்.

"அண்ணே, நீங்களும் இந்த ஷோவா!" என்றவன், என் மனைவிக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த சீட்டைக் காட்டினான். "உட்காரலாமா மேடம்?"

மேடமாம்! என்னை அண்ணே என்கிறவன் இவளை அண்ணி என்றால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா? அவளும் சிரித்துக்கொண்டே, "உட்காருங்க சார்" என்றாள்.

படம் நல்ல படம், அதை மறுக்க மாட்டேன். பாதி முகம் நிழலில், எந்நேரமும் மழை, ஒருத்தரையும் நம்ப முடியாத கதை. குத்தகைச் சண்டையில் ரெண்டுபட்டுக் கிடக்கிற ஒரு ஊர். மிராசுதார் தன் வயல் நடுவிலே, மோட்டார் கொட்டகைக்குள் செத்துக் கிடக்கிறார். சுற்றிலும் நடவுக்காகப் பரம்படித்துச் சமன் செய்த சேறு. மழையில் பழைய தடமெல்லாம் கரைந்துவிட்டது. ஒரே ஒரு வரிசைக் கால்தடம் மட்டும் வரப்பிலிருந்து கொட்டகையைப் பார்த்துப் போகிறது. திரும்பி வந்த தடம் இல்லை. போனவன் எங்கே? இன்ஸ்பெக்டர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்.

நானும் பிய்த்துக்கொண்டேன். ஆனால் நான் ரெவென்யூ கிளார்க். எந்த வயலை யார் சாகுபடி செய்கிறார்கள் என்று எழுதுகிற அடங்கலை இன்ஸ்பெக்டர் புரட்டும்போது, குத்தகைக்காரர் பேரை அடித்துத் திருத்தியிருந்தது என் கண்ணில் பட்டுவிட்டது. ஆகா, மாட்டினான்! நிலம் பறிபோன குத்தகைக்காரரின் மூத்த மகன்தான். பெருமை தாங்காமல் அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தாள்.

சர்வேயர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை இல்லை. விரலைக்கூட ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்து கேட்டான், நடுவில் ஏதோ கேள்வி கேட்டான், அவள் மறுபடி சொன்னாள். படத்தில் பெய்த மழைச் சத்தத்தில் எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது. ஏசி போட்டிருக்கிறார்களாம், ஏசி!

இடைவேளையில் டீ வாங்கப் போன இடத்தில் அவனே வந்து சொன்னான். "மேடம் கொலைகாரியைக் கண்டுபிடிச்சுட்டாங்கண்ணே." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, பொம்பளைன்னு சொல்லிட்டேனே! இதுக்கு மேல சொல்ல மாட்டேன், உங்களுக்கு சஸ்பென்ஸ் போயிடும்."

என் பெண்டாட்டி கண்டுபிடித்ததை இவன் எனக்கு மறைத்து வைக்கிறான்! டீயை அவன் சட்டையில் ஊற்றலாமா என்றுகூட இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் பிடிபட்டது, நடவு ஆட்களைக் கூட்டி வருகிற ஒரு நடுத்தர வயசுப் பெண். படம் முழுக்க ஏதாவது ஓரத்தில் நின்றிருக்கிறாள், இன்ஸ்பெக்டரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மழைக்கு முன்பே கொட்டகைக்குள் போனவள், மழை விட்ட பிறகு கொட்டகையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வரப்பேறியிருக்கிறாள். உள்ளே போன தடம் என்று எல்லோரும் நினைத்தது, வெளியே வந்த தடம். தியேட்டரே கை தட்டியது. சர்வேயர் எழுந்து நின்று என் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஸ்கூட்டரில் புது ஆற்றுக் கரையோரமாக வந்தோம். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"அவன்கிட்ட மட்டும் சொல்லத் தெரியுது. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவராவே கேட்டாருங்க, எப்படி மேடம் தெரியும்னு."

"நான் கேட்டா சொல்ல மாட்டியா? கேக்கறேன், சொல்லு. எப்படித் தெரியும்?"

அவள் வண்டியை விட்டு இறங்கி நின்றாள். "அந்தத் தடத்துல முன்பாதம்தான் ஆழமாப் பதிஞ்சிருந்துச்சு. பின்னால நடந்துகிட்டே நடவு நடுறவங்க காலு அப்படித்தான் விழும். பத்தாவது படிக்கிற வரைக்கும் அம்மாகூடக் கூலி நடவுக்குப் போனவ நான். எனக்குத் தெரியாதா?"

"இதைச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கல்யாணமான புதுசுல உங்க ஆபீஸ்காரங்க விருந்துக்கு வந்தாங்களே, அன்னிக்குச் சொன்னீங்க. எங்க அப்பாவுக்கு நிலம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லணும், அது வழக்குல போனதும் நாங்க நடவுக்குப் போனதும் நம்மளோட இருக்கட்டும்னு."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. அடுப்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, நான்தான் சொன்னேன். நம்மளோட இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஒரு நாளும் நானும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"எந்த ஊர் வயல்?" என்றேன். "எத்தனை வயசுலேருந்து போனே? இப்ப சொல்லேன்."

"அதெல்லாம் அவர்கிட்டயே சொல்லிட்டேங்க," என்று புடவையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுக்குங்க."