ஜூலியின் கடைவாய்ப் பல்

2006 ஜூலை 12, புதன்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன். ஐந்தே முக்காலுக்குப் பால் வந்தது. ஆறு மணிக்கு ஜூலியின் தட்டில் பால் சோறு வைத்தேன். அவள் முகர்ந்துவிட்டு, தின்னாமல் என்னைப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

ஜூலி நாட்டு நாய். அப்போது எட்டு வயது. வீட்டில் நானும் என் கணவர் சவரிமுத்துவும் அவளும் மட்டும்தான்.

“குளவி கொட்டியிருக்கும். பூச்சியப் பாத்தா சும்மா இருக்குதா அது?” என்றார் அவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்துக் கடையில் கண் சொட்டு மருந்து வாங்கி, காலையும் மாலையும் விட்டேன். விட்ட நேரத்தை நாட்குறிப்பில் எழுதினேன். ஐந்தாம் நாள் வீக்கம் உடைந்து சீழ் வந்தது. ஆறிவிட்டது என்று மகிழ்ந்தேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி வீங்கியது.

சொட்டு மருந்து விட அவள் தலையை என் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜூலை முடிவதற்குள், என் கையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி. எங்கள் முறை வந்ததும், டாக்டர் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“இது கண்ணு இல்லம்மா, பல்லு” என்றார்.

பல்வேர்ச் சீழ்க்கட்டி (பல்லின் வேர்முனையில் சீழ் கோத்து, எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது). மேல் கடைவாயின் பெரிய பல்லுக்கு மூன்று வேர்கள். அவை கண்ணுக்கு நேர் கீழே முடிகின்றன. அதனால் பல்லில் வந்த சீழ் கண் நோய்போலத் தெரியும். மற்றப் பற்களில் காரை (பல்மேல் கல்லாய் இறுகும் மஞ்சள் படிவு) ஏறி, ஈறு சிவந்திருந்தது.

“மாடு வாங்கறவங்க பல்லப் புடிச்சிப் பாக்காம வாங்க மாட்டாங்க. நாய் வாயத்தான் யாரும் தொறக்கறதில்ல. எப்பலேருந்து ஒரு பக்கமா மெல்லுது?”

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பையில் நாட்குறிப்பு இருந்தது. பின்னோக்கிப் புரட்டினேன். ஜூன் 4, ஞாயிறு: ‘ஜூலி தலையைச் சாய்த்துத் தின்கிறாள். பார்க்க அழகாக இருக்கிறது.’

“நீதான ஸ்டைலா துன்றான்னு சொன்ன” என்றார் கணவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நானுந்தான் சிரிச்சேன்” என்றார்.

“கடிக்க என்னா குடுப்பீங்க? எலும்பா?” என்று கேட்டார் டாக்டர்.

“எலும்பு தொண்டையில குத்தும்னு குடுக்கறதில்ல சார். பீங்கான்தான்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் விளக்கினேன். மின்கம்பத்துப் பீங்கான்களில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. பூச்சு இடாமல் சுட்டு, அளவு தவறியதால் ஒதுக்கிய உருண்டைகளைக் கேட்டு வாங்கி வருவேன். விளிம்பில் அவள் வாய் கிழியக் கூடாதென்று அரம் போட்டுத் தேய்ப்பேன். உடைந்து விழுங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை தட்டிக் கேட்பேன். அவள் அதைக் கடிக்கும் சத்தத்தில், பல் சுத்தமாகிறது என்று எனக்கொரு நிம்மதி.

டாக்டர் திட்டவில்லை. “நகத்தால அழுத்தினா கொஞ்சமாவது பதியணும். அதான் நாய் கடிக்கலாம். பதியலன்னா, ஒடையறது பல்லுதான்” என்றார்.

பல்லை எடுக்க வேண்டும். ஆனால் அவள் நெஞ்சில் இதயச் சத்தம் சீராக இல்லை.

“மயக்கம் குடுத்து, எழுந்திருக்கலன்னா?” என்று கணவர் கேட்டார்.

“அப்படி ஆவாதுன்னு எழுதிக் குடுக்க முடியாதுங்க. ஆனா இப்பவும் அது வலியோடதான் துன்னுது. நாய்ங்க பசிக்காக வலியப் பொறுத்துக்கும்.”

நான்கு நாள் மாத்திரை. ஆகஸ்ட் 9, புதன்கிழமை காலை 9.40க்கு மயக்க ஊசி. கண் சொருகும்வரை கணவர் அவள் காதைத் தடவிக்கொண்டிருந்தார். என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். நான் போகவில்லை. என் கையைப் பார்த்தபடி அவள் தூங்கக் கூடாது என்று நினைத்தேன்.

10.55க்கு முடிந்தது. பல்லை மூன்றாகப் பிளந்து எடுத்திருந்தார்கள். விரிசல் ஈறுக்கு உள்ளே வரை ஓடியிருந்தது. காரையையும் சுரண்டிவிட்டார்கள். அவள் கண் திறந்தபோது மணி 12.15. இடையில் என் நாட்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அந்த நேரம் எப்படிப் போனதென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அடுத்த இரண்டு வாரம் குழைத்த சோறு, முள் இல்லாத மீன். கணவர் கையால் தின்றாள். நான் தட்டு வைத்தால், நான் நகர்ந்த பிறகுதான் வருவாள். காயம் ஆறுவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் வாயருகே என் கை மறுபடி போக முடியுமா என்பதுதான் பயம். மீதிப் பற்களைத் தினமும் தேய்த்தால்தான் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நான் தேய்க்கறேன், வுடேன்” என்றார் கணவர்.

“உங்களுக்கு வூட்டுச் சாவி வச்ச எடமே ஞாபகம் இருக்கறதில்ல.”

“பல்லு வாயிலதான இருக்குது, எங்க போயிடும்?”

இதைப் படிப்பவர்களின் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வாய் நாற்றம் வயதினால் வருவதல்ல. எச்சில் வடிவது, தட்டருகே வந்து திரும்பிப் போவது, முகத்தைக் காலால் தேய்ப்பது, பூனை முடி நக்காமல் அழுக்காக இருப்பது எல்லாமே வலியாக இருக்கலாம். நம் பற்பசை மட்டும் வேண்டாம். அவற்றுக்குத் துப்பத் தெரியாது.

எனக்கும் ஒன்று மாறியிருக்கிறது. முறுக்கு கடிக்கும்போது என் நாக்கு தானாக இடது மேல் கடைவாய்க்குப் போய்த் தடவிப் பார்க்கிறது. ஒரு நாள் என்பது இப்போதெல்லாம் எனக்கு மணிக்கணக்கு அல்ல. அவள் இரண்டு பக்கமும் மென்ற வேளைகள்தான்.

ஆகஸ்ட் 23, புதன்கிழமை டாக்டர் ஈறைப் பார்த்துவிட்டு, “மூடிடிச்சி. நாளைலேருந்து தேய்க்கலாம்” என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. எழுந்ததும் முதலில் கையைக் கழுவி, ஈரத் துணியை விரலில் சுற்றி, மீன் வேகவைத்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். கையை நீட்டவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன். வெகுநேரம் கழித்து ஜூலி வெளியே வந்தாள். துணியை முகர்ந்தாள். நக்கினாள். நான் உதட்டை மெல்லத் தூக்கினேன். இரண்டே இரண்டு பல் தேய்த்தேன். அவள் போகவில்லை. நான்தான் நிறுத்திக்கொண்டேன்.