வளைவில் அடித்த ஹோர்ன்

1988 மார்ச் 16, புதன்கிழமை. தேநீருக்குக் கேத்திலைப் போட்டேன், கணவருக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டினேன், படிகளைக் கூட்டினேன். பிறகு மச்சாளை ஓட்டுநர் சோதனைக்குக் கூட்டிப் போனேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. ஐம்பதுகளில் இலங்கையில் கார் ரலி ஓடிய முதல் தமிழ்ப் பெண். கண்டிக்கு மேலே, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான பாதைகளில் ஆண்களோடு போட்டியிட்டு ஓடியவர். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கார் பழக்கியவரும் அவரே. அந்தப் பழக்கத்தால் லண்டனில் நான் முதல் தடவையிலேயே தேறினேன். அவரோ இரண்டு முறை தவறிவிட்டார். எங்கள் குட்மேய்ஸ் வீதிகளில் அவர் பழகுநருக்கான எல் பலகையோடு ஓட்ட, மேற்பார்வைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். நினைத்தாலே எரிச்சல் வரும்.

ஓட்டத்தில் குறையில்லை. வளைவைக் கண்டால் அவருடைய கை ஹோர்னுக்குப் போய்விடும். மலைப்பாதையில் அது உயிர் காத்த பழக்கம். இங்கே அது பிழை.

"இண்டைக்கு ஹோர்னில கை வையாதேங்கோ, மச்சாள்."

"ஓம், ஓம். இப்ப நீர் எனக்குப் படிப்பிக்கிறீர்."

சோதனை முடிந்து வந்து இறங்கியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை; மூன்றாம் முறையும் தவறியிருந்தார்.

"பள்ளிக்கூட மதிலடி வளைவில ஹோர்ன் அடிச்சுப்போட்டன். மதிலுக்கு அங்கால என்ன வருகுதெண்டு சோதிக்க வந்த அந்தாளுக்குத் தெரியுமோ?"

இந்த முறையும் தவறினால் காரை விற்றுவிடுவதாகக் கணவர் முன்பே சொல்லியிருந்தார். மச்சாளுக்கென்று அவர் வாங்கிக் கொடுத்த பழைய கார் அது.

"பஸ் பாஸ் இருக்குத்தானே அக்கா," என்றார் கணவர் அன்று மாலை. "மேல்தட்டில முன் சீற்றில இருந்தா ரலி மாதிரித்தான் இருக்கும்."

"உன்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போனனான். நுவரெலியா போய்ச் சேருமட்டும் சத்தி எடுத்தனி. நீ ரலியைப் பற்றிக் கதையாதை."

நான் சிரித்துவிட்டேன். கணவர் சிரிக்கவில்லை. வெளியே போய்க் காரின் எல் பலகையைக் கழற்றினார். 'விற்பனைக்கு' என்று அட்டையில் எழுதிப் பின் கண்ணாடியில் ஒட்டினார்.

"இன்னும் ஒருக்காப் பாப்பமே," என்றேன்.

"அவவுக்கு வயசு போட்டுது. விடும்."

அதைக் கேட்ட மச்சாள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு யார்மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கணவர்மேலும்தான், மதில் கண்ட இடத்தில் சும்மா இருக்கத் தெரியாத அந்தக் கையின்மேலும்தான்.

மறுநாள் காலை, கேத்திலைப் போடுமுன், வெளியே போய் அந்த அட்டையைக் கிழித்தெடுத்தேன். எல் பலகையை மீண்டும் கட்டினேன். மேற்பார்வைக்கு நான் இருக்கும் இடப்பக்க ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, எட்டி, மச்சாளின் ஜன்னல் திறக்கும்வரை ஹோர்னை அடித்தேன்.