தறப்பாள் நடித்த படம்

சுயாதீனத் திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தயாரிப்பாளருக்குக் கட்டுப்படாத படம் என்று அர்த்தமாம். சரி, கட்டுப்பட வேண்டாம். படம்பிடிக்கப்படுகிற ஆட்களுக்குமா? போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் மன்னாரில் கமெராவோடு வந்து இறங்கியவர்களுக்குக் கணக்கில்லை. ஒரு கழுதை, ஒரு பெருக்க மரம், கடலைப் பார்த்தபடி ஒரு பெண். இந்த மூன்றும் கிடைத்தால் படம் முடிந்தது. புதிய பாட்டுக்காரர்கள் இன்னும் மோசம். கிற்றாரைத் தொடுவதற்கு முன் அரை நிமிடம் அலைச்சத்தம் போடாத ஒரு பாட்டை நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் அப்போதே எழுதியிருந்தால் நான் மனிதன். பகலில் அரசாங்கக் கந்தோரில் மேசை வேலை, ஓய்வு நேரத்தில் ஒரு சிறுசஞ்சிகைக்குப் பட விமர்சனம் என்று இருந்தவன் நான். என் எழுத்துக்கு நாலு பேர் பயப்படுகிறார்கள் என்ற கொழுப்பும் இருந்தது. அப்படிப்பட்டவன் ஒரு படத்தில் கவிழ்ந்து போனேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வெள்ளாங்குளம் பக்கம் திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றிய ஆவணப்படம் அது. தறப்பாள் விரிப்பால் கூரை போட்ட கொட்டிலுக்குள் சமைக்கிறார், படுக்கிறார், காற்றில் பிய்த்துக்கொண்டு போகிற தறப்பாளை இழுத்துக் கட்டுகிறார். பேச்சே கிடையாது. "இந்தக் கமெராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று எழுதினேன். இயக்குநர் அந்த வரியைப் படத்தின் டிவிடி இறுவட்டு அட்டையில் அச்சடித்தார். அடியில் 'மன்னார் விமர்சகர்' என்று வேறு போட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கந்தோர் அலுவலாக அந்தப் பக்கம் போனவன், குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு வளவுக்குள் நுழைந்தேன். படத்தில் வந்த அதே பெண் நின்றார். ஆனால் அவர் நின்றது ஒரு கல்வீட்டு வாசலில். இரண்டு அறைகள், பச்சை வர்ணச் சுவர், கழுவித் துடைத்த சீமெந்துத் தரை.

"அக்கா, நீங்கள்தானே அந்தப் படத்தில நடிச்சனீங்கள்? வீடு இப்பதான் கட்டினதோ?" என்று கேட்டேன்.

"அவையள் வரேக்குள்ளயே வீடு இருந்தது தம்பி. நான் நடிக்கேல்லை. தறப்பாள்தான் நடிச்சது."

நடந்தது இதுதான். படமெடுக்கக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் பச்சைச் சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். விறகை மூடிக் கிடந்த பழைய தறப்பாளைக் கண்டதும் அவர்களுக்கு உயிர் வந்திருக்கிறது. வளவின் பின்பக்கத்தில் பழையபடி கொட்டில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். இவரே கம்பு நட்டுக் கட்டிக்கொடுத்து, இரண்டு நாள் அதற்குள் கிடந்து, அவர்களுக்கு மீன்குழம்பும் காய்ச்சிப் போட்டிருக்கிறார்.

"ஏன் அக்கா ஓமெண்டனீங்கள்?"

"தூரத்தில இருந்து வந்த பிள்ளையள். இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? கடைசியில வீட்டையும் காட்டுவம் எண்டவை. தங்கச்சி பாப்பாள் எண்டுதான் நான் சம்மதிச்சது."

தங்கை இன்னும் தமிழ்நாட்டு முகாமில்தான் இருந்தார். தறப்பாளுக்குள் பிள்ளைகளைக் கிடத்த மாட்டேன், வீடு இருந்தால் வருகிறேன் என்பது அவருடைய பேச்சு. வீட்டின் ஒரு அறையே அவருக்காகத்தான். வீடு முடிந்தது என்று அக்கா சொன்னதை நம்பி, ஊர் திரும்புவோர் பட்டியலில் பெயரும் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ நல்லெண்ணக்காரர்கள் இந்தப் படத்தை முகாமில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். படத்தில் வீடு இல்லை. வெட்டி எறிந்துவிட்டார்கள்.

"எனக்குப் பொய் சொல்லிப்போட்டாய் எண்டு போனில குழறினாள். அது படத்துக்குக் கட்டினதடி எண்டு சொன்னன். அவள் அட்டையில இருந்ததை வாசிச்சுக் காட்டினாள். மன்னார் ஆளே எழுதியிருக்கிறார், இந்தக் கமெராவுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம் எண்டாள். பட்டியலில குடுத்த பேரையும் வெட்டிப்போட்டாள்."

அதை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என் கையிலிருந்த செம்பை வாங்கி இன்னும் கொஞ்சம் தண்ணீர் வார்த்துத் தந்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்ததும் இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். "உணர்வு உண்மைதானே அண்ணா? அந்தச் சுவரைக் காட்டினால் படம் விழுந்திடும்" என்றார், மிகவும் பொறுமையாக. ஒரு குடும்பம் கடலுக்கு இரண்டு பக்கமும் கிடக்கட்டும், படம் விழக்கூடாது. அவரை மட்டும் ஏசி என்ன? அந்தப் பகுதியின் வீட்டுத்திட்டக் கடிதங்கள் கந்தோரில் என் மேசை வழியாகத்தான் போயின. வீடுகள் எழும்புவது எனக்குத் தெரியும். தெரிந்தும், தறப்பாள் படபடத்த அழகில் மயங்கிக் கை எழுதியது. என்ன விமர்சகன் நான், வெட்கங்கெட்டவன்.

அடுத்த கிழமை அக்காவிடம் முகாம் விலாசம் கேட்டு வாங்கி, அந்தத் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டை நேரில் பார்த்தேன், இரண்டு அறை, பச்சைச் சுவர், கதவுக்குப் பூட்டு இருக்கிறது, தரைக்குச் சீமெந்து போட்டிருக்கிறது, நான் எழுதிய வரி பிழை என்று விளக்கி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் ஒரு வார்த்தைகூட அலங்காரம் இல்லாதது அது ஒன்றுதான்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா தொலைபேசி எடுத்தார்.

"கடிதம் கிடைச்சதாம் தம்பி. அட்டையில இருக்கிறதைத்தான் நம்பலாமாம். இது நான் ஆரையோ பிடிச்சு எழுதுவிச்சதாம்."