செவலை குடித்த தண்ணீர்

என் வீட்டுக்காரர் மலேயாவுக்குக் கப்பல் ஏறியபோது இரண்டு உயிர்களை என் பொறுப்பில் விட்டுப்போனார். ஒன்று அவருடைய அப்பா, இன்னொன்று அவர் வளர்த்த செவலை நாய். மாமனாரோடு காலம் தள்ளுவது சுலபம். சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், கொஞ்சம் கேலி பேசுவார், தூங்கிவிடுவார். நாய்தான் பாடாய்ப் படுத்தியது. எந்த வெயிலிலும் அதற்கு ஓடியாக வேண்டும்.

அந்த வருஷம் மாசியிலேயே கண்மாய் வற்றிவிட்டது. காற்று என்பதே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணை வெறிநாய் கடித்தது. புண் ஆறி எல்லோரும் மறந்த பிறகு அவள் தண்ணீரைப் பார்த்து அலற ஆரம்பித்தாள். அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பிணமாகத்தான் வெளியே வந்தாள். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்ட நாயெல்லாம் அடிபட்டுச் செத்தது. வெயிலில் எந்த நாய்தான் நாக்கைத் தொங்கப்போடாது? சொன்னால் கேட்க ஆளில்லை.

செவலைக்கு நான் ஓர் ஒழுங்கு வைத்தேன். விடியுமுன் வயலுக்குக் கூட்டிப்போய்ப் பனங்கொட்டையை எறிந்து, களைக்கும்வரை ஓடவிடுவேன். வெயில் ஏறியதும் மாட்டுக்கொட்டிலில் கட்டிவிடுவேன். படுக்க நனைத்த சாக்கு, குடிக்க உடைந்த பானையின் அடிச்சில்லில் தண்ணீர். சாயங்காலம் மணல் சூட்டை என் வெறுங்கால் பொறுத்தால்தான் மறுபடி அவிழ்ப்பேன்.

"எம் மகனுக்குக்கூட இம்புட்டு உபசாரம் நடக்கலையே ஆத்தா" என்பார் மாமனார்.

பங்குனியில், ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் ஆவூர் மாதா கோயில் பாஸ்குத் திருவிழாவுக்கு வண்டி கட்டினோம். செவலையைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். கோயில் மைதானத்தில் மாட்டை அவிழ்க்கும்போது உச்சிவெயில். வந்த பாதையில் ஏதோ தள்ளாடிக்கொண்டு வந்தது. கழுத்தில் அறுந்த கயிறு, வாயில் நுரை, பாதமெல்லாம் கொப்புளம். எங்கள் செவலைதான்.

"வெறிநாய் வருது. புள்ளைகள அங்கிட்டு இழுங்க."

அத்தனை கம்புகள் எங்கிருந்து வந்தனவோ. மாமனார் குறுக்கே நின்று கையை விரித்தார்.

"இது எங்க வீட்டு நாய். தண்ணி வச்சுப் பாருங்க. குடிச்சா விட்டுருங்க."

ஊரறிந்த சோதனை அது. யாரோ ஒரு பித்தளைச் சொம்பை நிரப்பி வைத்தார்கள். செவலை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. கம்புகள் உயர்ந்தன.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பானைச்சில்லைத் தவிர எதிலும் வாய் வைத்துப் பழகாத நாய், வெயிலில் கண்ணைப் பறிக்கிற சொம்பில் எப்படிக் குடிக்கும்? சொம்பைப் பிடுங்கி, தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றி அதன் வாயருகே நீட்டினேன். நக்கியது. சொம்பு காலியாகும்வரை நக்கியது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஒரு பெண் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில காயம் இருக்கே தாயி."

முதல்நாள் புல் அறுக்கையில் அரிவாள் கீறிய கோடு. நாயின் எச்சில் பட்டு நனைந்திருந்தது.

வண்டியில் செவலையை ஈரத்துணியால் போர்த்தி மடியில் கிடத்திக்கொண்டேன். "கடிக்கவே இல்லையே மாமா" என்றேன். மாமனார் மாட்டை இன்னும் வேகமாக விரட்டினார்.

செவலை தேறியது. ஆனால் அதன்பின் தண்ணீர் வைப்பது மாமனார் வேலையாகிவிட்டது. காலையில் முதலில் நாய்க்கு, அடுத்து ஒரு சொம்பு எனக்கு. நான் குடித்து முடிக்கும்வரை நிற்பார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல்.

"வெறின்னா நாய் இந்நேரம் செத்திருக்கும்ல மாமா?"

"ஆமா ஆத்தா. நீ குடி."

போகப்போக, சொம்பைத் தூக்கும்போதே என் தொண்டை அடைத்தது. அது பயத்தால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒருநாள் செவலையை ஓடவிட்டுத் திரும்பினேன். மாமனார் கையில் சுத்தியலோடு என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவின் வெளிப்பக்கம் புதிதாக ஓர் இரும்புத் தாழ்ப்பாள்.

"இது என்னத்துக்கு மாமா?"

"காத்துக்குக் கதவு அடிச்சுக்குது ஆத்தா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.