ரஞ்சி அக்காவை மூன்று தடவை கேளுங்கள்

“உங்கள் ஆட்களுக்குப் புத்தகம் வேண்டாமாம்” என்றார் ஃப்ராவ் வெபர்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. கோபம் வருவதற்கு லைப்ரரியை விட மோசமான இடம் உண்டா? குரலை உயர்த்த முடியாது. நாற்காலியைக்கூட சத்தமாக இழுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, “யார் சொன்னது?” என்று கிசுகிசுத்தேன்.

“எல்லோரும்” என்றார், வருத்தமாகத்தான்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில், எசன் நகரத்தில் நாங்கள் இருக்கும் பேட்டையில் சின்னதாக ஒரு கிளை நூலகம். அதை நடத்துகிறவர் ஃப்ராவ் வெபர், அதாவது திருமதி வெபர் – ஒல்லியாக, கழுத்தில் கண்ணாடி தொங்க, சொன்ன சொல் மாறாத ஜெர்மன்காரர். அங்கே ஜன்னலோரம் வீடியோ கேசட்டுகள் இருந்த ஷெல்ஃப் ஒன்று காலியாகிவிட்டது. இப்போதுதான் எல்லோரும் டிவிடிக்கு மாறிவிட்டார்களே. அங்கே என்ன வைக்கலாம் என்று யோசித்தவருக்குத் தமிழ் ஞாபகம் வந்திருக்கிறது. இந்தப் பேட்டையில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம்.

ஃப்ராவ் வெபர் வழிகாட்டி இல்லாமல் எதையும் செய்ய மாட்டார். அவருடைய வழிகாட்டி ஒரு வெப்சைட். ஸ்பானிஷ் பேசும் வாசகர்கள் வரும் நூலகங்களுக்காக அமெரிக்க நூலகர்கள் சிலர் நடத்துவது. என்ன புத்தகம் வாங்கலாம், அறிவிப்புப் பலகையில் ஸ்பானிஷில் என்ன எழுதலாம், குழந்தைகளுக்கு எப்படிக் கதை சொல்லலாம்... சகலமும் அதில் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு காலத்தில் இங்கே ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட ஸ்பெயின் குடும்பங்களுக்காக ஒரு ஷெல்ஃப் வைத்தார். ஓஹோவென்று ஓடுகிறது.

தமிழுக்கும் அப்படி ஒரு தளம் இருக்குமே என்று என்னைக் கேட்டார். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவளாயிற்றே! நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தேன். ஃபான்ட் இல்லை. திரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். பின்னால் நின்றிருந்த ஃப்ராவ் வெபர், என்ன அழகான எழுத்து என்று வியந்தார். மறுக்க மனம் வரவில்லை. ஃபான்ட் போட்ட பிறகு வந்த நிஜத் தமிழைப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நூலகர்களுக்கென்று தமிழில் வழிகாட்டித் தளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. பரவாயில்லை, ஸ்பானிஷ் தளத்தையே பின்பற்றுகிறேன் என்றார். அதில் முதல் அறிவுரை – வாசகரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

கேட்டார். கவுன்டருக்கு வந்த தமிழர் ஒருவரையும் விடவில்லை. உங்கள் மொழியில் புத்தகங்கள் வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். அத்தனை பேரும் சிரித்த முகத்துடன், வேண்டாம், நன்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நூலகக் கமிட்டி கூடுகிறது. தமிழுக்கு ஆள் இல்லையென்றால் அந்த ஷெல்ஃபும் ஸ்பானிஷுக்கே.

நேராக ரஞ்சி அக்காவிடம் போனேன். தூரமில்லை, அதே ஹாலின் மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் பொறுப்பு. மகளின் வயலின் வகுப்பு முடியும்வரை சனிக்கிழமைதோறும் இங்கே காத்திருப்பார். ஜெர்மனில் வெளுத்து வாங்குவார். ஆனால் ஆசையாக உட்கார்ந்து வாசிக்கத் தமிழ்தான் வேண்டும். அன்றும் கையில் தமிழ்க் கடையில் வாங்கிய பழைய வார இதழ். கதை, தொடர்கதைத் துண்டு, நகைக்கடை விளம்பரம் எல்லாம் முடித்து ராசிபலனுக்கு வந்திருந்தார். போன வருஷத்து ராசிபலன். பலித்ததா என்று சரிபார்க்கிறாராம்.

இப்படிப்பட்டவர் எப்படி...? உங்களையும் கேட்டார்களா அக்கா என்றேன்.

“ஓம், கேட்டவ. வேண்டாம் எண்டு சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் பிள்ளை. மனுசி அப்பிடியே விட்டிட்டுது.”

அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுபடி நீங்களாகப் போய்க் கேட்கலாமே என்றேன். எப்படிக் கேட்பது, வெட்கம் இல்லையா என்கிறார்.

நமக்கு இது புரியாதா என்ன? பந்தியில் பாயசம் வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டி, “போதும் போதும்” என்கிறோம். விரல்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருப்போம். பரிமாறுகிறவர் நிஜமாகவே அடுத்த இலைக்குப் போய்விட்டால் எப்படி இருக்கும்? கேட்ட மாத்திரத்தில் சரி என்றால் காணாததைக் கண்டவள் என்று பேர் வரும். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் அழகுக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜமான பதில் வரும்.

இதை ஃப்ராவ் வெபருக்கு விளக்கினேன். அவர் முகம் வெளிறியது. வேண்டாம் என்றவரிடம் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா என்றார். திரும்பக் கேட்காததுதான் மரியாதைக் குறைவு என்றேன். வெப்சைட்டில் அப்படி எதுவும் போடவில்லையே என்றார். அத்துடன் ஒரு நியாயமான கேள்வி. “அவர்கள் வேண்டாம் என்கிறார்கள், ஆகவே கட்டாயம் வேண்டும் – இதைக் கமிட்டியில் எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெளிவாக ஒரு ஆமாம் வேண்டும்.”

சரி, அக்காவின் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன் என்றேன். ஃப்ராவ் வெபர் உடனே டைரியை எடுத்து, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், குறித்தார். அக்காவிடம் சொன்னபோது, “தேத்தண்ணி குடிக்கவும் டெர்மினோ?” என்று கேட்டுவிட்டு, ஞாயிறு காலையிலேயே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

ஞாயிறு நான்கு மணிக்கு மேசையில் உள்ளே மசாலா வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், வடை, கேக், இன்னொரு வகைக் கேக். ஃப்ராவ் வெபர் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, போதும், நன்றி என்றார். இன்னொன்று விழுந்தது. உண்மையாகவே போதும் என்றார். அதற்கு இரண்டு வடை. தெளிவான உச்சரிப்பில், எழுத்து எழுத்தாக மறுத்தார். கேக் வந்தது. இந்த வீட்டில் யாருக்கும் காது கேட்காதா என்பது போல் என்னைப் பார்த்தார். உங்கள் போதும் இங்கே செல்லாது, தட்டை எடுத்துக்கொண்டு ஓடினால்தான் உண்டு என்று கிசுகிசுத்தேன்.

தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்துவிட்டது போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகங்கள் வைக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டார்.

ஐயோ, உங்களுக்கு ஏன் வீண் சிரமம், வேண்டாம் என்றார் அக்கா.

ஃப்ராவ் வெபர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் நாலு படப் புத்தகம் வைக்கலாம், எனக்கென்னத்துக்கு என்றார் அக்கா. அந்த நாலு படப் புத்தகத்தோடு திருப்தியடைந்து ஃப்ராவ் வெபர் எழுந்துவிடுவாரோ என்று பயந்து, மேசைக்கடியில் அவர் காலில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“உங்களுக்கு?” என்று கேட்டார் ஃப்ராவ் வெபர். மூன்றாவது தடவை.

அக்கா தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். அதுவரை ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“நல்ல மொத்தப் புத்தகமா வைக்கச் சொல்லு பிள்ளை. கெதியில முடியக் கூடாது.”

தடித்த புத்தகமாக வேண்டுமாம், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம் என்று மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஃப்ராவ் வெபருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். தட்டில் மிச்சமிருந்த வடையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை கமிட்டியில் ஷெல்ஃப் தமிழுக்கு ஆயிற்று. சும்மா இருப்பாரா ஃப்ராவ் வெபர்? அமெரிக்க வெப்சைட்டுக்கு மின்னஞ்சல் போட்டார் – உங்கள் அறிவுரையில் ஒரு குறை, சில வாசகர்களிடம் மூன்று தடவை கேட்க வேண்டும் என்று. பதில் வந்தது. எங்கள் வாசகர்களிலும் பலர் அப்படித்தான், நாங்கள் எப்போதுமே திரும்பத் திரும்பத்தான் கேட்போம், இதையெல்லாம் எழுத வேண்டுமா என்ன என்று கேட்டிருந்தார்கள். இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மட்டும் கிடைக்காது போலிருக்கிறது.

போன சனிக்கிழமை ஷெல்ஃப் திறந்தார்கள். முதல் ஆளாக ரஞ்சி அக்கா. இருப்பதிலேயே மொத்தமான புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தார். இன்னும் எடுத்துக்கொள்ளுங்களேன் என்றார் ஃப்ராவ் வெபர். போதும் என்றார் அக்கா.

ஃப்ராவ் வெபர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எழுந்து போய் இன்னும் மூன்று தடித்த புத்தகங்களை எடுத்து வந்து, பீப் பீப் என்று பதிந்து நீட்டினார்.

“நான் போதும் எண்டெல்லே சொன்னனான்” என்று என்னிடம் முறையிட்டார் அக்கா – பையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு.