மறதி என்று எழுதிக்கொண்டார்கள்

என் நெஞ்சு டாக்டர்களுக்கு முன்னால் மட்டும் ஒழுங்காக அடித்தது. மூன்று வருடம் இப்படியே போயிற்று.

முதலில் அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் பாட்டுப் பாட எழுந்து நின்றபோது. எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் மலையாளம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். பாட்டின் இரண்டாவது அடியில் நெஞ்சுக்குள் என்னவோ இடறியது. பிறகு கண்டபடி அடிக்கத் தொடங்கியது. வேகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாலு அடி ஓடும், ஒன்று விட்டுப்போகும், இரண்டு சேர்ந்து விழும். மணிக்கட்டைப் பிடித்து எண்ணப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியிலும் இருந்தார். எந்த இடத்திலும் தன்னைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதே அவருடைய வாழ்க்கையின் பெரிய கவலை.

"அது வாயு ஆக்கும். மரச்சீனிக் கிழங்கு தின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பாறசாலையில் பார்த்த டாக்டரும் வாயு என்றார். இன்னொருவர் வயது என்றார். மற்றொருவர், வேலை இல்லாமல் வீட்டில் இருப்பதால் மனது எதையாவது பிடித்துக்கொள்கிறது என்றார். ஈ.சி.ஜி. எடுக்கப் போகும்போதெல்லாம் நெஞ்சு பதவிசாகிவிடும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கை கட்டி உட்காரும் வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். அதே குணம்தான். தாளில் வரும் கோடுகளைக் கண்டு கணவர் தலையை ஆட்டுவார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றும் பேச மாட்டார். அது திட்டுவதைவிட மோசம். மூன்றாவது முறைக்குப் பிறகு, நெஞ்சு இடறினால் நான் யாரிடமும் சொல்வதில்லை. அடுக்களைச் சுவரில் சாய்ந்து நிற்பேன். அரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். அது தானாக அடங்கும்.

கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். கணவருக்குச் சர்க்கரை பார்க்க நெய்யாற்றின்கரைக்குத் துணைக்குப் போயிருந்தேன். அவள் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவள். "டீச்சரே" என்று வந்து என் கையைப் பிடித்தவள், பிடித்த கையை விடவில்லை. விரல் மணிக்கட்டில் இருந்தது. அவள் முகம் மாறியது. என் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்துக் கம்பிகளை மாட்டினாள்.

அன்றைக்குத் தாளில் பிடிபட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று டாக்டர் சொன்னார். இதயத்தின் மேலறைகள் அடிப்பதற்குப் பதிலாக நடுங்குகின்றன, அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். பயப்பட வேண்டிய பேச்சு. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு தாள் சொல்கிறதே. இப்படி ஒரு சந்தோஷம் வேறு யாருக்கும் வர வேண்டாம்.

"அப்போ வாயு இல்ல" என்றார் கணவர். அவ்வளவுதான்.

இரண்டு மாத்திரைகள் தந்தார்கள். ஒன்று துடிப்பை அடக்க, ஒன்று ரத்தம் கட்டாமல் இருக்க. இரண்டாவதற்காக மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைப் பொறுத்து மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். முருங்கைக்கீரையை நினைத்தபடி தின்னக் கூடாது. விழக் கூடாது, வெட்டிக்கொள்ளக் கூடாது. ஒன்றரை வருடம் எல்லாம் சரியாகச் செய்தேன். பாடத்திட்டம் எழுதுவதுபோல நோட்டுப் போட்டுத் தேதி எழுதினேன்.

அந்த மாத்திரை தின்றால் உடம்பு எளிதில் கன்றிப்போகும். கதவில் இடித்தால், வாளியின் பிடி அழுத்தினால், தோலில் நீலமாகப் படரும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, சபையில் எனக்கு மூத்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு ஒரு நீலம். அதற்குக் கீழே பழையது ஒன்று, மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

"இது என்னதுட்டி? ரெண்டாள் மட்டும் இருக்கப்பட்ட வீட்டுல இப்படிக் கன்னிப்போய் கெடக்கு? சாரு கையை வைக்காரா?"

"ஐயோ, இல்லக்கா. மாத்திரையாக்கும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவ. எங்கிட்ட சொல்லு மக்கா."

நான் சிரித்துத்தான் மறுத்தேன். ஆனால் கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றார்கள். கணவரும் நின்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

"அந்த மாத்திரைய நிறுத்து" என்றார்.

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"டாக்டருக்கு என்ன? நாளைக்கு நான் எந்த மொகத்த வச்சிட்டு சபைக்குப் போவேன்? இந்த வயசுல பெண்டாட்டிய அடிக்கவன்னு பேரு வாங்கணுமா? ஆறு மாசமா நெஞ்சு இடிக்குன்னு நீ சொல்லவே இல்லியே. மற்ற மாத்திரை போரும்."

நெஞ்சு இடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை அவரிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியில் மேல்தட்டில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசியும் பஸ்ஸும் நீலத் திட்டுகளும் எனக்கும் சலித்திருந்தன. இதை எழுதாவிட்டால் நான் எழுதும் மற்றதெல்லாம் பாதிப் பொய்.

ஏழு வாரம் கழிந்தது. மகன் வளைகுடாவில் இருந்தான். மருமகள் அந்த மாதம்தான் நெய்யாற்றின்கரை ஆபீசுக்கு மாற்றம் வாங்கி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோட்டயம் பக்கத்துப் பெண். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவளோடு எனக்கு எப்போதும் மலையாளம்தான். ஒரு காலையில் அவள் ஆபீசுக்குப் புறப்பட்டு நிற்கிறாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தேங்காய் முறி கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் கையை நீட்டினேன். கை வரவில்லை. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தமே இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வாய் ஒருபக்கம் கோணி, வலது கை துணியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் முதல் சொல் வந்தது. "தண்ணி." பிறகு "வேண்டாம்", "வலிக்குது." எல்லாம் தமிழ். நர்ஸ் மலையாளத்தில் கேட்பாள், முழுக்க விளங்கும். பதில் சொல்லப் போனால் தமிழ் மட்டும் குழறிக்கொண்டு வரும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வினைச்சொல் திருத்திய மலையாளத்தில் ஒரு வினைச்சொல் வரவில்லை. இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்குச் சில நேரம் ஒன்று மட்டும் போகும் என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறந்த வீட்டில் பேசியது தங்கியது, படித்துப் பெற்றது போனது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த, தமிழ் தெரியாத ஓர் இளம் டாக்டர் கட்டிலருகே நின்று கேஸ் ஷீட் எழுதினார். கணவர் தலைமாட்டில் நின்றார். மருமகளை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"குளிக முடங்ஙாதெ கழிச்சிருந்நோ?" மாத்திரையை விடாமல் சாப்பிட்டீர்களா என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

நான் கணவரைக் காட்ட இடது கையைத் தூக்கினேன். "இவரு... நிறுத்த... சொன்னாரு" என்றேன். என் காதுக்கே பாதிதான் விளங்கியது. டாக்டர் கணவரைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

கணவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு நல்ல மலையாளத்தில், தெளிவாகச் சொன்னார்: "மறந்நு போயி எந்நாணு பறயுந்நது." மறந்துவிட்டேன் என்கிறாள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று ஆட்டினேன். வருத்தப்படுகிறேன் என்று நினைத்து டாக்டர் என் தோளைத் தட்டினார். சாரமில்லை அம்மே, பரவாயில்லை என்றார். எழுதினார். பேனா ஓடுவதைக் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் அந்தச் சொல் எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. டீச்சர் மாத்திரை தின்ன மறந்துட்டாளாம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். கையைத் திருப்பிப் பார்த்த அதே அக்கா கட்டிலில் உட்கார்ந்து, "இப்படியா மக்கா மறப்ப? பாவம் சாரு, ஒன்ன நோக்கியே பாதியாயிட்டாரு" என்றாள். என் நினைவுசக்திக்காக சபையில் தனியாக ஜெபித்தார்கள். சாயங்காலம் கணவர் எல்லாருக்கும் முன்னால் மாத்திரையும் தண்ணீருமாக வந்து, நான் விழுங்குகிறவரை நின்று பார்ப்பார். வந்தவர்கள் அவரைப் புகழ்ந்துகொண்டு போவார்கள். என் பழைய மாணவர்கள் வாசலில் நின்று "டீச்சரே, சுகமாணோ?" என்று கேட்டால், நான் சிரிப்பேன். பதில் சொல்ல வராது. டீச்சருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அதற்கும் ஒரு பேச்சு நடந்தது.

ஐந்து மாதத்தில் தமிழ் ஓரளவு திருந்தியது. ஒரு மத்தியானம், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கேட்டேன்.

"எதுக்கு அப்படிச் சொன்னிய?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. பத்திரிகையை மடித்து வைத்தார்.

"வேற என்ன சொல்ல? அந்தப் பையன் என்னை என்ன நினைப்பான்?"

"நான் மறந்தேன்னு எழுதிட்டான்."

"எழுதினா எழுதட்டு. அதுல ஒனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" பிறகு குரல் உயர்ந்தது. "நான் நிறுத்தச் சொன்னேன். சரி. இத்தன வருஷத்துல நான் சொன்னது எதையாவது நீ கேட்டிருக்கியா? இது ஒண்ண மட்டும் எதுக்குட்டி கேட்ட?"

அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

மருமகள்தான் எனக்கு மலையாளத்தைத் திரும்பச் சொல்லித்தந்தாள். ஆபீஸ் விட்டு வந்து, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். தற, பற என்று தொடங்கும் அந்த முதல் பாடத்தை நான் எத்தனை பிள்ளைகளுக்கு விரல் பிடித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அவள் என் விரலைப் பிடித்தாள். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. சில நாள் புத்தகத்தைத் தள்ளிவிடுவேன். அவள் எடுத்துத் திரும்ப மடியில் வைப்பாள். ஒரு வருடம் போலப் பிடித்தது. முதல் முழு வாக்கியத்தை நான் சேர்த்துச் சொன்னது இதுதான்: "ஞான் மறந்நதல்ல." நான் மறக்கவில்லை.

அவள் புத்தகத்தை மூடினாள். "எனிக்கறியாம், அம்மே" என்றாள். எனக்குத் தெரியும்.

மாத்திரை அட்டையை அலமாரி மேல்தட்டில் அவள் வந்த முதல் வாரமே பார்த்திருக்கிறாள். அதன் பிறகு அதில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை என்பதையும் பார்த்திருக்கிறாள். மாமனார் வைத்த பொருள், புதிதாக வந்த வீடு, நான் எப்படிக் கேட்பேன் என்றாள். ஆஸ்பத்திரியிலும் தெரியுமாம். வெளியே நின்றேனே, யாரும் என்னைக் கேட்கவில்லையே என்றாள். அழுதாள். அந்தப் பெண்ணிடம் எனக்கிருந்த நன்றியெல்லாம் அந்த நிமிஷத்தில் கசந்துபோனது. பிறகும் அவளிடம்தான் படித்தேன். வேறு யார் இருந்தார்கள்?

அடுத்த பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போனபோது கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனேன். வீட்டிலேயே வாக்கியங்களைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். டாக்டர் மாறியிருந்தார், நடுவயதுக்காரர். நான் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னேன். மாத்திரையை நான் மறக்கவில்லை. நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். அதில் தப்பாக எழுதியிருக்கிறது, திருத்துங்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அங்கே என்ன எழுதியிருந்ததோ, அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை மாறியது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் செய்தேன், நோட்டைத்தான் காணோம் என்று சொல்லும் பிள்ளையை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"கழிஞ்ஞது கழிஞ்ஞு, அம்மே. இனி மறக்கருது" என்றார். போனது போகட்டும், இனி மறக்காதீர்கள்.

புதுச் சீட்டு எழுதிக் கையில் தந்தார். நெஞ்சு அப்போது நாலு அடி ஓடி ஒன்று விட்டு, தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுத் தலையை ஆட்டினார். இந்த மாத்திரைகளோடு இது இப்படியே இருக்கும், சாகும்வரை இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

கணவர் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இளைத்திருந்தார். நான் உள்ளே என்ன சொல்லப் போனேன் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தையும் கையில் இருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர் என்ன பறைஞ்சாரு?"

"மறக்காம தின்னச் சொன்னாரு."

பாறசாலை பஸ் வந்தது. பெண்கள் சீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.